தண்ணீர் பழுக்கும் வரை

செத்துப்போயிடேன். நீயா செத்துப்போயிட்டா நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பிரகதாம்பாள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கையில் தீனி டப்பாவோடு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். உள்ளே இருந்த இரண்டு மீன்களில் பெரியது, அவள் நிழல் விழுந்ததுமே கண்ணாடியோரம் ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். பெயர் கடுக்கன். கல்லுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்ற சின்னது ஜிமிக்கி. பெயர் வைத்தவள் மகள் செம்மொழி. நாலாம் வகுப்புக்குப் போகிறவள், இப்போது கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். நுரை வழிகிற வாயிலிருந்து பாட்டு குழறிக் குழறி வந்தது.

தன்னை நம்பி ஓடி வருகிற உயிரைப் பார்த்து இப்படியும் நினைக்க முடிகிறதே என்று பிரகதாவுக்கே பயமாக இருந்தது. நினைத்த மனம் அப்படியே இருக்க, விரல்கள் தீனியைக் கிள்ளித் தண்ணீரில் தூவின. மனம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று இருக்க அவள் பழகி நாளாகியிருந்தது. எல்லாம் சித்திரையிலிருந்து.

சித்திரையில் ஒரு நாள் அவள் வயலில், மோட்டார் கொட்டகைக்குள் நின்றிருந்தபோது குணசேகரன் கத்தாரிலிருந்து கூப்பிட்டான். வழக்கமாக அவன் கூப்பிடுவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வீடியோவில். அன்றைக்குக் குரல் மட்டும் வந்தது. அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டது, ஆண் குழந்தை ஒன்று பிறந்திருக்கிறது, இனி ஊருக்கு வந்து இருப்பதென்பது நடக்காது என்று, மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்கிற மாதிரி மூச்சு விடாமல் சொன்னான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் தனக்குத்தான் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதை ஏன் கேட்டோம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து போனை எடுத்ததும் முதலில் கேட்கிற கேள்வி அது. அன்றைக்கு அவன் முந்திக்கொண்டதால் விட்டுப்போயிருந்தது. விட்டுப்போன வேலையை முடிப்பதுபோல முடித்தாள். அந்தப் பக்கம் அவன் அழுதானா, தொண்டையைச் செருமிக்கொண்டானா என்பது தெரியவில்லை.

"மொழிகிட்ட சொல்லாத பிரகதா. அப்பாகிட்டயும். கொஞ்ச நாள் போவட்டும். நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

"ம்" என்றாள்.

ஒரு முழுச் சொல்கூட இல்லை அது. வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு "ம்" அவள் கழுத்தைச் சுற்றி விழுந்த கயிறாகிவிட்டது. அதன் நுனி அவன் கையில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றுமே நடக்காதது போல வீடியோவில் வந்தான். அவனுக்கு அங்கே ஓட்டல்களிலும் பெரிய கடைகளிலும் வைத்திருக்கிற கடல் மீன் தொட்டிகளைச் சுத்தம் பண்ணிப் பராமரிக்கிற வேலை. அவன் முதுகுக்குப் பின்னால் நீல வெளிச்சத்தில் ஏதோ ஒரு மீன் கூட்டம் திரும்பித் திரும்பிப் போனது.

"எப்பப்பா வருவ?" என்றாள் செம்மொழி. அவள் ஒவ்வொரு வாரமும் கேட்பதுதான்.

அவன் ஒரு கணம் தடுமாறியதைப் பிரகதா அடுக்களை வாசலிலிருந்து பார்த்தாள். பிறகு அவன் முகம் தெளிந்தது. "மொழி, பின்னால பாத்தியா? இந்த மாதிரி கடல் தொட்டி ஒண்ணு நம்ம வீட்ல வைப்பமா? நீயும் அம்மாவும் ரெடி பண்ணுங்க. தண்ணி நல்லா பழுத்து, மீனு நெலைச்சு நின்னுடுச்சின்னு வையி, அப்பா உடனே பாக்க வந்துடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா." கையைத் தூக்கித் திரையில் வைத்தான். இங்கே செம்மொழி தன் கையை அதன் மேல் வைத்தாள்.

கடலே இல்லாத பூதலூரில், நாலு பக்கமும் நெல் வயலான ஊரில், இது முடியாது என்பதால்தான் அவன் இதைப் பிடித்துக்கொண்டான். பிரகதாவுக்கு அது அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மலையைக் கட்டி இழு என்று சொல்லுகிற மாதிரி. ஆனால் அவன் மகளைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை. பொழுது விடிவதற்குள் அவள் அந்த மலையைக் கட்டக் கயிறு தேட ஆரம்பித்திருந்தாள்.

விளக்கையும் பம்பையும் கத்தாரிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அவன் கொடுத்தனுப்பினான். தஞ்சாவூரில் தொட்டி செய்தார்கள். கல்லும் மணலும் அங்கேயே கிடைத்தன. இல்லாதது கடல் மட்டும்தான். அதற்கும் செம்மொழிதான் வழி கண்டுபிடித்தாள். நாகப்பட்டினத்திலிருந்து காலை வண்டியில் கூடையோடு வந்து பூதலூர் ஸ்டேஷனில் இறங்குகிற மீன்காரி மலர்கொடி.

"கடத்தண்ணியா? எதுக்கு தாயி, வீட்ல யாருக்கும் திருஷ்டி கழிக்கணுமா?"

"மீன் வளக்க" என்றாள் செம்மொழி.

மலர்கொடி கூடையைப் பிளாட்பாரத்தில் இறக்கிவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாங்க பரம்பரையா புடிச்சுப் புடிச்சுக் கொல்றோம். நீ அத உக்கார வச்சு சோறு போடப் போறியா? நல்ல பொண்ணு பெத்திருக்கீங்க தங்கச்சி."

"சோறு இல்ல. அதுக்குத் தனி தீனி இருக்கு."

"அடி ஆத்தி. கேட்டுக்க."

சிரித்தாளே தவிர, சொன்ன நாளில் கேன்களோடு வந்து இறங்கினாள். கரையோரத்தில் மோந்தால் சேறும் டீசலுமாக இருக்கும் என்று, கடலுக்குப் போகிற தன் தம்பியிடம் சொல்லி உள்ளே தள்ளிப் போய் மோந்து வரச் செய்திருந்தாள். பிறகு வாரா வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் அவள் வரமாட்டாள். அன்றைக்கு ஊரில் யார் மீன் வாங்குகிறார்கள்?

மாமனார் வைரக்கண்ணுவுக்கு இது தாங்கவே இல்லை. "ஏம்மா பிரகதா, ஊர்ல அவனவன் போர்த் தண்ணில உப்பு ஏறிடுச்சேன்னு தலைல கை வச்சு உக்காந்திருக்கான். நீ என்னடான்னா ரயிலேத்தி உப்புத் தண்ணிய வரவழைக்கிற."

"உங்க புள்ள சொன்னதுதான் மாமா."

"அவனுக்கென்ன, பாலைவனத்துல உக்காந்துகிட்டு சொல்லுவான். அந்தத் தண்ணிய மாத்தி ஊத்தறப்ப வாழை மூட்டுல ஊத்திடாதீங்க. ரோட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோய்க் கொட்டுங்க. என்ன?" அவர் அதட்டியதும், மூட்டு வலியோடு தொட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டதும் ஒரே நாளில் நடந்தன. மகன் வருவதற்கு அதுவும் ஒரு வழி என்றால் உப்புத் தண்ணீரும் அவருக்குச் சம்மதம்தான். பழுதான கதவு, ஒழுகுகிற மாடிப்படி ஓரம், எல்லாவற்றையும் அவர் "சேகர் வரட்டும்" என்று ஒதுக்கிவைத்திருந்தார். அந்தச் சொல்லைக் கேட்கிறபோதெல்லாம் பிரகதா ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள்.

கடல் தண்ணீரை ஊற்றியதும் மீனை விடக்கூடாது என்று குணசேகரன் சொல்லியிருந்தான். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகி, அழுகலைத் தின்று நஞ்சை முறிக்கப் பழகவேண்டும். அதைத்தான் தண்ணீர் பழுப்பது என்றான். செம்மொழிக்குப் பொறுமை இல்லை.

"வெறுந்தண்ணியவே எத்தன நாளும்மா பாத்துகிட்டிருக்கறது?"

"தக்கைப்பூண்டை உரத்துக்கு மடக்கி உழுதோம்ல, மறுநாளேவா நட்டோம்? அது அழுகி, கொதி அடங்குனாத்தானே நாத்து நிக்கும்? இதுவும் அப்படித்தான்."

அது செம்மொழிக்குப் பிடிபட்டுவிட்டது. வயலில் அவள் அம்மாவுக்கு வலதுகை. குணசேகரன் போனதிலிருந்து பயிர் வேலையைப் பார்ப்பது பிரகதாதான். குறுவை நட்டு வேர் பிடித்த பிறகு, வாரம் ஒரு காலையில் இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் வயலில் இறங்குவார்கள். வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டம் போட்ட அட்டை அது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் நிழலை இலை மேல் விழவைத்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கவேண்டும். செம்மொழியின் சின்ன நிழல் அதற்குச் சரியாக இருந்தது. "மஞ்சளா இருக்கும்மா. பசிக்குது போல" என்பாள். அப்படியென்றால் யூரியா. நாலைந்து நாளில் பயிர் பச்சையாகிச் சிலிர்த்து நிற்கும்.

தொட்டித் தண்ணீருக்கும் ஒரு வண்ண அட்டை இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்க்கவேண்டும். இங்கே மஞ்சள் என்றால் நஞ்சு இல்லை. பச்சை ஏற ஏறத்தான் கெடுதி. செம்மொழி அங்கேயும் பழக்க தோஷத்தில் சன்னலுக்கு முதுகைக் காட்டி, குழாய் மேல் நிழல் விழவைத்துத்தான் பார்த்தாள். முதலில் பச்சை, பிறகு இன்னும் பச்சை, பிறகு ஆடி பிறந்த கையோடு ஒரு காலையில் எலுமிச்சை மஞ்சள். அன்றைக்கு அவள் குதித்த குதியில் வைரக்கண்ணு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை கடுக்கனும் ஜிமிக்கியும் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில், காற்றடைத்த பையில், செம்மொழியின் மடியில் உட்கார்ந்து வந்தன.

செத்துவிடும் என்றுதான் பிரகதா எண்ணியிருந்தாள். பூதலூர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் எந்தக் கடல் மீன் தாங்கும்? ஆனால் கரண்ட் போனால் பேட்டரிப் பம்பைப் போடுகிறவளாகவும், உச்சி வெயிலில் ஐஸ் கட்டின பாட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிடுகிறவளாகவும் அவளே இருந்தாள். வயலில் ஆட்களோடு நிற்கும்போது பம்பு நின்றுவிட்ட மாதிரி மனசுக்குள் கேட்கும், வீட்டுக்கு ஓடுவாள். இவ்வளவு பாடுபட்டு எதைக் காப்பாற்றுகிறோம் என்று கேட்டுக்கொண்டால், விடை ஒன்றுதான்: பொய்யை. மீன் ஒவ்வொரு நாள் உயிரோடு இருக்க இருக்க, அந்தப் பொய் ஒரு நாள் வளர்ந்தது. மீன் போய்விட்டால் சத்தியமும் அதோடு போய்விடும். "பாவம், நிக்கல" என்று சொல்லி முடித்துவிடலாம். அவன் சொல்ல வேண்டாம், அவளும் சொல்ல வேண்டாம்.

பள்ளிக்கூட நேரத்தில் ஒரு மத்தியானம் அவள் கை பம்பின் சுவிட்சை அணைத்தது. வீடே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் அசைவில்லாமல் நின்றது. கடுக்கன் தீனி என்று நினைத்துக் கண்ணாடிக்கு ஓடி வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு, கொல்லைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அதற்கப்புறமும் அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போகிறபோதெல்லாம் விரல் கூசியது.

மீன்கள் நிலைத்தன. வெள்ளிக்கிழமை செம்மொழி போனைத் தொட்டியில் ஒட்டிவைத்துக் காட்டினாள். "பாருப்பா, நின்னுடுச்சு! எப்ப டிக்கெட் போடுவ?"

திரையில் அவன் முகத்தைப் பிரகதா பார்த்தாள். சந்தோஷப்படத் தெரியாமல் விழிக்கிற முகம். "அட, பரவால்லையே. ஆனா இன்னும் முழுசா பழுக்கல மொழி. கண்ணாடில, கல்லுல எல்லாம் பச்சைப் பாசி படியணும். அது வந்தாதான் தொட்டி வெளைஞ்சதுன்னு கணக்கு. அப்ப வரேன்."

"பச்சை எப்ப வரும்?"

"அதுவா வரும்."

பச்சை வரவில்லை. தவிட்டு நிறத்தில் மெல்லிய படலம்தான் வந்தது. செம்மொழி ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமல் தொட்டியைச் சுற்றி வருவாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "அம்மா, சீக்கிரம் பச்சையாக என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். பிரகதா ரசத்தை ஊற்றினாள். அப்போது அவள் காதில் விழுந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த, அப்பா எப்போது வருவார் என்கிற கேள்விதான்.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை அது. காலையில் அவள் அடுப்படியில் இருக்கும்போது கூடத்திலிருந்து "அம்மா!" என்று ஒரு கத்தல். மகள் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

இரண்டு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு திணறின. செவுள் ரத்தச் சிவப்பாக விரிந்து விரிந்து மூடியது. பிரகதாவின் கண் முதலில் போனது சுவிட்சுக்கு. அணைந்திருக்கிறதா? நான்தானா? இல்லை, பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சுக்காக வெட்கமும் கூடவே வந்தது. குனிந்தபோது தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி மெல்லிய பளபளப்பு தெரிந்தது. வாசம் பிடித்தாள். வேப்பெண்ணெய்.

குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டாள். அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டின கரும்பச்சை.

"மாமா, நீங்க ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

"நான் ஏம்மா அதுகிட்ட போறேன்? பக்கத்துல உக்காந்தாலே எனக்கு மேலெல்லாம் உப்பு பூக்குது."

செம்மொழி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு கைதான் போட்டேன்" என்றாள்.

"என்னத்த?"

"யூரியா."

வேப்பெண்ணெய் பூசின யூரியா மூட்டை படிக்கட்டுக்குக் கீழேதான் இருந்தது. வாய் பிரித்து, பிரித்த தடம் தெரியாமல் மறுபடி சுருட்டிவைத்திருந்தாள்.

"எப்பப் போட்ட?"

"புதன்கிழமை. தண்ணி மஞ்சளாவே இருந்துச்சும்மா. வயல்ல மஞ்சளா இருந்தா நாம போடுவோம்ல, அப்பறம் பச்சையாயிடும்ல." குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "பச்சை வந்தா வருவேன்னு சொன்னாருல்ல."

பிரகதாவால் அவளை அடிக்க முடியவில்லை, அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை. தானே வயலில் இறங்கி, இலை மேல் நிழலைக் கொடுத்து நிற்கக் கற்றுக்கொடுத்த பாடம். பாடத்தில் ஒரு தப்பும் இல்லை. "கேன எடு" என்று மட்டும் சொன்னாள்.

மீதமிருந்தது இரண்டே கேன். குழாய் போட்டுக் கெட்ட தண்ணீரை உறிஞ்சி வாளியில் விட்டாள்; செம்மொழி அந்த வாளிகளை, ஒரு கை நீட்டி மறு பக்கம் சாய்ந்து, ரோட்டுக்கு அந்தாண்ட தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள். வாழைப் பக்கம் ஒரு சொட்டு விடவில்லை. இரண்டு கேனும் தீர்ந்தபோது தொட்டி பாதிக்கும் கீழே இருந்தது. நிறம் கொஞ்சமும் இறங்கவில்லை.

"மலர்கொடியக்கா?" என்றாள் செம்மொழி.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி."

"உப்பு கரைச்சு ஊத்துவமா? நம்ம கல்லுப்பு?"

"அது வேற உப்பு."

தஞ்சாவூர்க் கடைக்குப் போன் பண்ணினாள், எடுக்கவில்லை. மறுபடி பண்ணினாள். வைரக்கண்ணு தன்னுடைய விசிறியை எடுத்துவந்து, தண்ணீர் மேல் காற்று படும்படி வீசிக்கொண்டு உட்கார்ந்தார். ஏன் வீசுகிறார் என்று அவருக்கும் தெரியாது. மூச்சு முட்டுகிறவனுக்கு வீசுவதில்லையா?

ஜிமிக்கி பதினோரு மணி வாக்கில் பக்கவாட்டில் சரிந்தது. கடுக்கன் மத்தியானம் தாண்டியும் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசிவரை, பிரகதா குனிகிறபோதெல்லாம், அந்தத் திணறலோடேயே கண்ணாடிக்குப் பக்கம் வரப் பார்த்தது. தீனி போடுகிறவள் வந்திருக்கிறாள் என்று. அதுதான் அவளை உடைத்தது. செத்துப்போயிடேன் என்று தான் கேட்டது இந்த உயிருக்குக் கேட்டிருக்கவே இல்லை. கேட்டிருந்தால் இப்படி வந்திருக்குமா?

இத்தனை நாள் கேட்டது கைக்கு வந்து சேர்ந்தபோது, வருமென்று நினைத்திருந்த ஆசுவாசத்தை அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். கிணற்றில் வாளியை இறக்க இறக்கத் தண்ணீர் தட்டாமல், கயிறு தளராமலே போகிற மாதிரி இருந்தது.

செம்மொழி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. இரண்டு மீன்களையும் ஒரு வெற்றிலையில் எடுத்துவைத்துக்கொண்டு, "எங்கம்மா புதைக்கிறது? மண்ணு உப்பாயிடுமா?" என்று கேட்டாள்.

"இத்துனூண்டு மீனால ஒண்ணும் ஆவாது. வாழைக்கிட்டயே வையி" என்றார் வைரக்கண்ணு. அவர் குரலே மாறியிருந்தது. "போனாப் போவுது விடு. சேகர் வர்றப்ப வேற வாங்கிட்டு வருவான்."

"வரமாட்டாரு தாத்தா."

இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பிரகதா சட்டென்று மகள் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் கெடுத்துட்டேனே. தொட்டி வெளைஞ்சிருந்தா வந்திருப்பாரு. நான்தான் அவசரப்பட்டு யூரியா போட்டுட்டேன்."

ஒரு பெரிய மனுஷி கணக்கை முடித்துச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "அதெல்லாம் இல்லடி" என்று பிரகதாவின் வாய் சொன்னது. செம்மொழி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்ட பார்வை. வாழை மூட்டில் குனிந்து கையால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வருகிற வருஷங்கள் பிரகதாவின் கண்ணுக்கு வரிசையாகத் தெரிந்தன. பெரியவளாகிற மொழி, கல்லூரிக்குப் போகிற மொழி, கல்யாண மாலையோடு அப்பா இல்லாத நாற்காலியைப் பார்க்கிற மொழி. ஒவ்வொரு மொழியின் கைக்குள்ளும் இரண்டு பிடி யூரியா.

சாயங்காலம் போன் அடித்தது. திரையில் குணசேகரன் பெயர். எப்போதும் பாய்ந்து எடுக்கிறவள் எழுந்து அடுத்த அறைக்குள் போனாள். "நான் பேசலை. தூங்கிட்டேன்னு சொல்லிடும்மா."

பிரகதா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வீடியோவை அணைத்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். யூரியா, கரும்பச்சை, ஜிமிக்கி, கடுக்கன். வெற்றிலை. மொழி சொன்ன வார்த்தை.

அவன் "அய்யோ பாவமே" என்றான். உண்மையாகத்தான் சொன்னான், அவன் கெட்டவன் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அதுதான் கஷ்டம். "ரொம்ப அழுவுறாளா?"

"அழுவலை."

அவன் பின்னால் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அவன் நகர்ந்து போய் ஒரு கதவைச் சாத்தினான். திரும்பி வந்தபோது குரலில் ஒரு தெம்பு இருந்தது. அன்றைக்குத் திரையில் தெளிந்ததே, அதே முகம் இந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"பிரகதா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ஒரு வெதத்துல இதுவும் நல்லதாப் போச்சு. தொட்டி கெட்டுடுச்சு, திரும்ப மொதல்லேந்து தண்ணி பழுக்கணும், அதனால அப்பா இந்த வருஷம் வரலைன்னு சொல்லிடு. அவளே போட்டதுதானே, அவளுக்கே புரியும். ரொம்பத் தோண்டிக் கேக்க மாட்டா. அப்படியே நாளாக ஆக, பழகிப்போயிடும்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிடவில்லை. இன்று காலை வரை தன் மனசுக்குள் இருந்த வாக்கியம்தான் இது. மீனே சொல்லிவிடட்டும், நாம் சொல்ல வேண்டாம். அவள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை, அவன் எங்கிருந்தோ எடுத்துவந்து பக்குவமாகத் தட்டில் வைத்து நீட்டுகிறான். உள்ளே இருந்தவரை அது அவளுக்கு ஒரு களைப்பு மாதிரிதான் தோன்றியிருந்தது. இன்னொருவர் வாயில் கேட்கும்போதுதான் அது யார் தலையில் போய் விழுகிறது என்று தெரிந்தது.

கொல்லை சன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. செம்மொழி அறையிலிருந்து வெளியே வந்திருந்தாள். மீன் இல்லாத, பாதித் தண்ணீர்த் தொட்டியில் குழாயை விட்டு எடுத்து, சொட்டு விட்டு, விளக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் நிழலுக்குள் அதைத் தூக்கிப் பிடித்து, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்பாகிட்டயும் இதையே சொல்லிடு. அவரு தாங்க மாட்டாரு. என்ன, சொல்லிடுறியா?"

வாழை மூட்டில் புதுமண் இன்னும் ஈரமாக இருந்தது. பிரகதா கல்லிலிருந்து எழுந்து, கூடத்துக்குப் போகிற கொல்லை வாசற்படியில் ஒரு காலை வைத்தாள்.

"இல்லீங்க" என்றாள். "நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."